மட்டம் பார்த்த பெட்டி

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களுக்குத்தான் எழுதுகிறேன். இளசுகள் படித்தால், "அந்தக் காலத்துல அப்படித்தான் இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. எங்கள் வீட்டில்தான் நடந்தது. இந்த வருஷம் தோட்டத்துத் திருவிழாவுக்குப் போய் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடமாவது சொல்லித் தொலைத்தால் தேவலை போலிருக்கிறது. பெருமைக்குரிய சங்கதி எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

ராகலையிலிருந்து உடப்புசல்லாவைப் பக்கம் போகிற வழியில் எங்கள் தோட்டம். அப்பா அங்கே கவ்வாத்துக் கங்காணி. வயதான தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. வெட்டின மலையைத் தூரத்தில் நின்று பார்த்தால் செடிகளின் தலையெல்லாம் ஒரே மட்டமாகத் தெரிய வேண்டும். துளிர்த்து வந்த பிறகும் அப்படித்தான். கொழுந்து எடுக்கிற பெண்கள் நீளமான மட்டக்கம்பைச் செடிமேல் படுக்கவைத்துப் பார்ப்பார்கள். அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் கிள்ளுவார்கள். அப்பாவுக்கு அந்தக் கண் வீட்டுக்குள்ளும் மூடவில்லை. என் நெற்றி முடியை அவரே வெட்டிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இடமும் வலமும் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் எங்களைப் படம் பிடித்த அன்று, உசரமாக வளர்ந்திருந்த ஒரு பிள்ளையைப் பார்த்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கோ என்று சொன்ன மனுஷன் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

அவருக்கு இன்னொரு பைத்தியம் இருந்தது. கோயிலுடைய ஸ்பீக்கர் செட். அம்மன் கோயிலை ஒட்டி, கொழுந்து நிறுக்கிற பழைய மடுவம் ஒன்று தகரக் கூரையோடு நின்றது. திருவிழாக் கச்சேரி, நாடகம் எல்லாம் அதற்குள்தான். அப்பாதான் ஒயர் இழுப்பார், பெட்டி தூக்கி வைப்பார், மைக்கை ஊதிப் பார்ப்பார். என்ன செய்தாலும் அந்தத் தகரத்துக்குள் பேச்சு 'கும்'மென்று அமுங்கிவிடும். தலைவர் என்ன பேசினார் என்று வெளியே வந்துதான் விசாரிக்க வேண்டியிருக்கும். அப்பாவுக்கு அது தன்மானப் பிரச்சினை.

அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்துக்குப் போக ஆரம்பித்திருந்தாள். மேட்டு மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே பாடுவாள். பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் மலைத்தண்ணீர் விழுகிற பீலியில் துணி அலசுகிற அம்மாவுக்கு அது கேட்கும். "நிறுவைக்கு எறங்கப் போறாங்க, ஒலைய வையிடி" என்பாள் என்னிடம். அக்காவின் பாட்டுத்தான் எங்கள் வீட்டுக் கடிகாரம். பாட்டு மேலே போகும்போது அவள் குரல் லேசாகக் கரகரத்து, இதோ உடைந்துவிடப் போகிறது என்று நாம் பயப்படுகிற நேரத்தில், பளீரென்று விரியும். பக்கத்து நிரையில் நிற்கிற பெண்களுக்குக் கை நின்றுவிடும். கணக்கப்பிள்ளை ஏசுவார். ஏசிவிட்டு அவரும் நின்று கேட்பார்.

அந்த வருஷம் நுவரெலியா டவுனிலிருந்து ஒரு பாட்டுக் குழுக்காரர் ஆள் விட்டிருந்தார். திருவிழாவுக்கு வருகிறேன், பொண்ணு பாடுறதைக் கேட்கிறேன், சரியாக வந்தால் குழுவில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். கச்சேரி இல்லாத நாட்களில் அவருடைய தங்கச்சி வைத்திருந்த தையல் கடையில் வேலை. தங்க இடமும் அங்கேயே. இதைக் கேட்ட அன்று அக்கா என்னைக் கூப்பிட்டுத் தலையைக் குனிந்து காட்டினாள். கூடைக் கயிறு அழுத்துகிற இடத்தில் முடி கொட்ட ஆரம்பித்திருந்தது. "இது மறுபடி மொளைக்குமாடி?" என்று கேட்டாள். மொளைக்கும் என்றேன். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கூடையை இறக்கி வைக்க ஒரு வழி.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. சவூதியில் ஏதோ பெரிய மண்டபத்தில் கூட்டித் துடைக்கப் போனவர், அங்கேயே ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொள்கிற ஆளாகிவிட்டார். லீவில் வரும்போது எல்லோரும் சேலையும் சவுக்காரமும் கொண்டு வருவார்கள். இவர் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டு வந்தார். முன்பக்கம் மேலும் கீழும் நகர்த்துகிற குட்டிக் குட்டிக் குச்சிகள். அவற்றுக்கு மேலே கண்ணாடிக்குள் வரிசை வரிசையாகச் சிவப்பு லைட்டுகள். கூடவே விரல் நீளத்தில் ஒரு மைக். அதன் தலையில் பஞ்சுத் தொப்பி. அந்தப் பெட்டியைத் திறந்ததும் ஒரு வாசம் வந்தது பாருங்கள், இன்றைக்கும் புதுச் சாமான் எதைப் பிரித்தாலும் எனக்கு மடுவம்தான் ஞாபகம் வருகிறது.

மாமா செய்து காட்டினார். பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஸ்பீக்கரிலிருந்து 'உஸ்'ஸென்று ஓர் இரைச்சல் வந்தது. தகரத்தில் அடைமழை பெய்வது மாதிரி. அந்தக் குட்டி மைக் அதைக் கேட்கும். கேட்டதை லைட்டு வரிசையில் காட்டும். அடித்தொண்டைச் சத்தம் இடது பக்கம், கீச்சுச் சத்தம் வலது பக்கம். எங்கள் மடுவத்தில் இடது பக்கத்து வரிசைகள் இரண்டும் சிவப்பாய் உச்சி வரை ஏறி நின்றன. அதுதான் அந்த 'கும்' என்றார் மாமா. அந்த வரிசைகளுக்குக் கீழே இருந்த குச்சிகளை இறக்கினார், லைட்டும் இறங்கியது. வரிசையெல்லாம் ஏறக்குறைய ஒரே உசரத்துக்கு வந்ததும் இரைச்சலை நிறுத்திவிட்டு மைக்கில் பேசினார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். கும்பிடாத குறை.

"மட்டம் பாக்குற மெசினு" என்றார் அப்பா.

மாமா அதற்கு ஆமாம் மச்சான் என்று சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவசரம், லீவு முடியப் போகிறது, பெட்டி கோயிலுக்கே இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

மைக்கை எங்கே வைப்பது என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே வரவில்லை. திருவிழா அன்று முன்வரிசையில் தோட்டத்துத் துரைக்கு நாற்காலி போடுவோம். பக்கத்தில் கிளாக்கர், டீமேக்கர். அதற்குப் பின்னால் வெளியாட்களுக்கு வாங்குப் பலகை. அதற்கும் பின்னால் படங்குச் சாக்கு விரித்து நாம். நமக்கும் பின்னால், வாசலை ஒட்டி, பிள்ளைகளோடு பெண்கள். அப்பா கோயில் அறையிலிருந்து துரையின் நாற்காலியைத் தூக்கிவந்து துடைத்தார். துரையின் காது இருக்கிற உசரத்துக்கு அதில் ஒரு கம்பைக் கட்டி மைக்கை வைத்தார். உசரம் சரியா என்று பார்க்க ஒருமுறை அதில் உட்கார்ந்தால் போதும். உட்காரவில்லை. யாருமில்லாத மடுவத்தில், காலி நாற்காலிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, கழுத்தை எக்கி எக்கிப் பார்த்தார். அன்றைக்கு எனக்கு அது விளையாட்டாக இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பாதகமில்லை. இரைச்சலை நிறுத்திய பிறகு பெட்டியை மூடி வைத்திருக்க வேண்டும். அப்பா மூடவில்லை. அக்காவைக் கூப்பிட்டு மேடையில் இருந்த பாட்டு மைக்குக்கு முன்னால் நிறுத்தி, பாடு என்றார்.

அவள் பாடினாள். லைட்டுகள் குதித்தன. நான் கை தட்டினேன், அவ்வளவு அழகு. காற்று வீசுகிற மானா புல்லு மாதிரி ஏறி இறங்கின. பாட்டு மேலே போய், குரல் கரகரத்து விரிந்த இடத்தில், நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் ஒரு வரிசை மட்டும் உச்சியைத் தொட்டது.

அப்பா கையைத் தூக்கி நிறுத்தினார். "அந்த எடத்துல துருத்துது."

இரைச்சல் வேறு, மனுஷக் குரல் வேறு என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. இரைச்சலில்தான் எல்லாச் சத்தமும் ஒரே அளவாக இருக்கும். குரலென்றால் ஓர் இடத்தில் எழும், ஓர் இடத்தில் விழும், எழுகிற இடத்தை வைத்துத்தான் இன்னாருடைய குரலென்று கண்டுபிடிக்கிறோம். அப்பா கண்டது ஒரு செடி, அதில் மட்டத்தைத் தாண்டி ஒரு கிளை. ஆயுசு முழுக்க அதை வெட்டித்தானே அவர் எங்களுக்குச் சோறு போட்டார்.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்ததும் மடுவத்தில் பயிற்சி. அக்கா மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டின படங்கை அவிழ்த்துப் போட்டு, ஒரு வாய் தேயிலைச் சாயத்தண்ணி குடித்துவிட்டு வருவாள். கையெல்லாம் கொழுந்துக் கறை. பெட்டியை அவள் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்திருப்பார். கண்ணாடியில் வெள்ளைப் பசைத் தாளைக் குறுக்கே ஒரு கோடாக ஒட்டியிருந்தார். அதுதான் மட்டக்கம்பு. லைட்டு அதைத் தாண்டாமல் பாட வேண்டும். தாண்டினால் முதலிலிருந்து. அவர் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. "பொறுமையா, தாயி. திரும்பப் பாடு" என்று கெஞ்சித்தான் கேட்பார். அவளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டாள். முதலில் கரகரப்பு போயிற்று. பிறகு விரிவு போயிற்று. கடைசியில் கண்ணை லைட்டிலிருந்து எடுக்காமல், தொட்டில் பிள்ளை விழித்துவிடக் கூடாது என்கிற மாதிரி ஒரு குரலில் முழுப் பாட்டையும் பாடி முடித்தாள். ஒரு லைட்டும் தாண்டவில்லை. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, உள்ளே வந்தாள்.

"அவ பாட்டுக்குப் பாடட்டுமே. அதப் போயி ஏங்க வெட்டுறீங்க?"

"வெட்டுனாத்தான் கொழுந்து வரும்" என்றார் அப்பா. கவ்வாத்து மலையில் அந்தச் சொல் ஒருநாளும் பொய்த்ததில்லையே.

மலையிலும் அக்கா அப்படியே பாடப் பழகிவிட்டாள் போலிருக்கிறது. பீலிப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. உலை வைப்பது பிந்தியது. ஏன் பிந்துகிறது என்று அம்மா என்னை ஏசினாள். ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை.

திருவிழா வந்தது. கரகம் பாலித்து, தேர் நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசைகளில் லயத்துக்கு லயம் சுற்றி வந்து நின்றது. பின்னேரம் மடுவத்தில் கச்சேரிக்குச் சனம் நெருங்கியடித்தது. கம்பளி, ஈரச் சால்வை, பிள்ளைகள், கற்பூரம், வேர்வை. பாட்டுக் குழுக்காரர் வெள்ளைச் சட்டையும் கக்கத்தில் குடையுமாகச் சொன்னபடி வந்துவிட்டார். துரைதான் வரவில்லை. பங்களாவில் விருந்தாளிகள், வர முடியாது என்று ஆள் வந்து சொன்னான்.

நாற்காலி காலியாகக் கிடந்தது. அக்காவின் பாட்டைக் கேட்பதற்கென்றே பஸ் ஏறி வந்த மனுஷனை அதில் உட்கார வைத்திருக்கலாம். அப்பாவுக்கு அது தோன்றவே இல்லை. துரை வராவிட்டாலும் அது துரையின் நாற்காலி. குழுக்காரருக்கு, பின்னால் தூணை ஒட்டி, வாங்கில் இடம் கொடுத்தார். குடிக்கச் சோடா உடைத்துக் கொடுத்தார். நமக்குத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான்.

அக்கா மேடை ஏறினாள். அம்மாவின் அரக்குச் சேலை, தலையில் கயிற்றுத் தடத்தை மறைத்துக் கனகாம்பரம். பெட்டி அவள் காலடியில் இருந்தது. பாட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மழையும் ஆரம்பித்தது. தகரக் கூரை, சொல்ல வேண்டுமா? வாசல் பக்கமிருந்து பெண்கள், கேக்கலை, சத்தமாப் பாடு என்றார்கள். பிறகு கூவினார்கள். யாரோ விசிலடித்தான். பிள்ளைகள் எழுந்து ஓட ஆரம்பித்தன. அக்கா ஒருவரையும் பார்க்கவில்லை. குனிந்து லைட்டைப் பார்த்தபடி, வாயை அளவாகத் திறந்து, அளவாக மூடி, ஒரு பொம்மையைப் போலப் பாடிக்கொண்டே இருந்தாள். அப்பா மேடைக்குப் பக்கத்தில் நின்று, அப்படித்தான், அப்படித்தான் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். சனம் சிரித்தது. அம்மா முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். எனக்குத் தரைக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. மூலையில் இருந்த கொழுந்துத் தராசுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

பாட்டு முடிந்ததும் குழுக்காரர் குடையை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தார். தராசுக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள். அவர் மரியாதையானவர், குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"புள்ள ஒழுங்கா, சுத்தமா பாடுதுங்க. ஆனா கொரல் இல்லைங்களே."

"லைட்டு ஒன்னுகூடத் தாண்டலைங்களே" என்றார் அப்பா.

அவருக்கு அது விளங்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

பிறகுதான் வெட்கக்கேடு. அப்பா பெட்டியைச் சந்தேகப்படவில்லை, தன்னைச் சந்தேகப்படவில்லை. மகளுக்குக் குரல் இல்லை என்று நம்பிவிட்டார். கேட்டவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார், அவளுக்காக மன்னிப்புக் கேட்கிற மாதிரி. நாங்களும் நம்பினோம். பீலிக்கரையில் பெண்கள், "மெசினு வச்சுப் பாத்ததுலதான தெரியுது" என்று பேசிக்கொண்டார்கள். மேட்டு மலையில் அவள் பாடி, கை நின்று போய் நின்ற அதே பெண்கள்தான். தங்கள் காதால் கேட்டதைவிட அந்த லைட்டு அவர்களுக்குப் பெரிதாகப் போயிற்று. அக்கா மறுநாள் காலை வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போனாள். கூடையை மாட்டினாள். அதன் பிறகு அவள் பாடி யாரும் கேட்கவில்லை.

பெட்டி பிறகு மழையில் நனைந்து செத்தது. கட்டிலுக்கு அடியில் கிடந்து கரப்பான் குடியேறியது. அந்தப் பஞ்சுத் தொப்பியில் அம்மா ஊசி குத்தி வைத்திருந்தாள். எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அக்காவைக் கட்டிக் கொடுத்தது லிந்துலைப் பக்கம். அங்கேயும் கொழுந்துதான். வீட்டுக்காரர் தவறிய பிறகு எங்கள் தோட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டாள். அக்காவை எல்லோருக்கும் பிடிக்கும். அடக்கமானவங்க, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாங்க என்பார்கள். என் மாமியார் வீட்டிலும் அவளைக் காட்டித்தான் பெண்பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வார்கள். அவள் பேசுகிறபோது நாம் குனிந்துதான் கேட்க வேண்டும். அது அவளுடைய சுபாவம் என்றுதான் நானும் இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி இந்த வருஷத் திருவிழாக் கதைக்கு வருகிறேன். மடுவத்தை இடித்துவிட்டு மண்டபம் கட்டியிருக்கிறார்கள். என் மகள் கொழும்பில் இந்த ஸ்பீக்கர் வேலைதான் செய்கிறாள். நம்ம கோயிலுக்கு நானே வந்து சரி பண்ணித் தருகிறேன் என்று லெப்டொப்பும் மைக்குமாக வந்திறங்கினாள். அந்தப் பழைய கதை அவளுக்குத் தெரியாது. யார் சொல்வது?

அதே 'உஸ்' வந்தது. மகள் மைக்கை ஓரிடத்தில் வைக்கவில்லை. முன்னால் வைத்தாள், நடுவில் வைத்தாள், தூணுக்குப் பின்னால் வைத்தாள், கடைசியாகப் பெண்கள் உட்காருகிற வாசலுக்கே கொண்டுபோய் வைத்தாள். அங்கேயும் வைக்கணுமாடி என்று கேட்டேன். "அங்கயுந்தானம்மா ஆளு இருக்காங்க" என்றாள். பிறகு, பாடுகிறபோதும் இப்படி மட்டமாக நிற்க வேண்டுமா என்று தெரியாதவள் போலக் கேட்டேன். அவள் சிரித்தாள். இது மண்டபத்தைப் பார்க்கிறதுக்கு அம்மா, ஆளைப் பார்க்கிறதுக்கு இல்லை என்றாள்.

அக்கா பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். மகள் பாட்டு மைக்கை நீட்டினாள்.

"பெரியம்மா, இதுல என்னமாச்சும் பேசுங்க. கொரல் எப்படி வருதுன்னு பாக்கணும்."

நான் தடுத்திருப்பேன். அதற்குள் அக்கா எழுந்து போய்விட்டாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினாள். லெப்டொப்பில் வரிசை வரிசையாகக் கம்பங்கள். அவள் கண் அதில் போய் நின்றதைப் பார்த்தேன். பேசவில்லை. பாடினாள். அந்தப் பாட்டு. அம்மன் பாட்டு, அன்றைக்குப் பாடின அதே பாட்டு, அதே தொட்டில் குரலில், கண்ணை எடுக்காமல், முழுசும்.

மகள் திரையையும் பெரியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். மைக்கைத் தட்டிப் பார்த்தாள். ஒயரைக் கழற்றி மாட்டினாள்.

"என்னா பெரியம்மா இது," என்றாள், "ஒன்னுமே ஏறலையே."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"பாத்தியாடி," என்றாள், "இன்னும் மறக்கலை. அப்பா இருந்திருந்தா எம்புட்டு சந்தோசப்பட்டிருப்பாரு."